கோழி ராத்திரி எங்கே உட்காருகிறது?

கோழிக்கூண்டின் சுத்தம் என்று பேச்செடுத்தால், காலையில் எத்தனை மணிக்குக் கூட்டுவது, என்ன பவுடர் தூவுவது, எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவிவிடுவது என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். முந்தின ராத்திரி கோழி எங்கே உட்கார்ந்திருந்தது என்று கேட்பவர் குறைவு. சாயங்காலம் ஆறரைக்கு அடைகிற கோழி விடிகாலை ஐந்தரை வரை பெரிதாக அசையாது. ஒரு நாள் முழுக்க அது போடும் எச்சத்தில் ஏறக்குறையப் பாதி அந்த நேரத்தில், உட்கார்ந்த இடத்துக்கு நேர் கீழே விழுகிறது. அந்த இடத்தைக் கோழியின் இஷ்டத்துக்கு விட்டால் முட்டைப்பெட்டி, தண்ணீர்ப் பாத்திரத்தின் விளிம்பு, மாடிப்படிக்குக் கீழே நிறுத்திய ஸ்கூட்டரின் சீட்டு எல்லாமே அதன் கழிப்பிடம்தான். நாமே ஒரு கட்டையைப் போட்டு இடத்தைத் தீர்மானித்துவிட்டால், கூண்டு முழுக்கச் செய்கிற வேலை ஒரு முழ அகலத்துக்குச் சுருங்கிவிடும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது முக்கியமாக அதைத்தான்.

டோல்கேட் பக்கம் இதைப் பேசக் காரணம் உண்டு. வடசென்னையில் தண்டையார்பேட்டை முடிந்து திருவொற்றியூர் தொடங்குகிற இடம் அது. மேற்கே ரயில் பாதை, கிழக்கே எண்ணூர் விரைவுச் சாலையும் அதில் வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகளும், அதற்கப்பால் கடல். நடுவில் திருவொற்றியூர் நெடுஞ்சாலை. அதன் தலைக்கு மேல் 2021 பிப்ரவரி 14 முதல் ஓடும் மெட்ரோ. கால்நடைத் துறையின் காகிதங்களில் இருக்கும் ‘புறக்கடைக் கோழி வளர்ப்பு’ என்ற சொல்லுக்கு இங்கே புறக்கடையே கிடையாது. இரண்டு சுவருக்கு நடுவில் மூன்றடிச் சந்து, மாடிப்படிக்கு அடியில் கிடைக்கும் முக்கோணம், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல், இவைதான் இடம். ஆனாலும் கோழி இருக்கிறது. குப்பங்களில் இருக்கிறது, லைன் வீடுகளில் இருக்கிறது. தெருவில் கூடையோடு வருகிறவரிடம் பிள்ளைகள் அழுது வாங்கிய சாயம் போட்ட குஞ்சு, சாகாமல் தப்பித்து வளர்ந்து நிற்பதும் உண்டு. அவை பெரும்பாலும் முட்டைப் பண்ணைகள் வேண்டாம் என்று கழித்த சேவல் குஞ்சுகள். முட்டையை எதிர்பார்த்து வளர்த்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்துக் கிடைப்பது விடிகாலைக் கூவலும் பக்கத்து வீட்டுச் சண்டையும்.

இது ஏதோ மிச்சசொச்சப் பழக்கம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டிலுள்ள கோழியினங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 85 கோடி. அதில் வீட்டில் வளர்ப்பவை மட்டும் சுமார் 31.7 கோடி, முந்தைய கணக்கைவிட 45.8 சதவீதம் அதிகம். பண்ணைக் கோழி அதே காலத்தில் ஐந்து சதவீதம்கூட வளரவில்லை. மாநிலங்களில் தமிழ்நாடுதான் முதலிடம், 12 கோடிக்கு மேல். நாமக்கல்லின் கூண்டுகளைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். நான்கு கோழி வைத்திருக்கும் வீட்டைப் பற்றி எழுதப்பட்டது கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் தோட்டம், வைக்கோற்போர், வேப்பமரம் உள்ள வீட்டை மனத்தில் வைத்து எழுதியது.

கோழி ஏன் உயரம் தேடுகிறது? அதன் முன்னோரான சிவப்புக் காட்டுக்கோழி தென்கிழக்காசியக் காடுகளில் பகலெல்லாம் தரையில் கிளறிவிட்டு இரவில் மரம் ஏறியது. ஊரில் முருங்கை மரத்தில் அடையும் கோழி செய்வதும் அதையேதான். கால் மடங்கும்போது தசைநாண் இழுபட்டு விரல்கள் கட்டையைச் சுற்றி மடியும்படி அதன் கால் அமைந்திருக்கிறது. இந்த ஆசை எவ்வளவு ஆழமானது என்பதை ஸ்வீடனில் அன்னா ஓல்சன், லிண்டா கீலிங் என்ற இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டை ஒட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். உட்காரும் கட்டையை எட்டமுடியாமல் மறித்தால் இருட்டும் நேரத்தில் கோழிகள் நிலைகொள்ளாமல் அலைந்தன. கட்டைக்குப் போகும் வழியில் கனமான தள்ளு கதவை வைத்தபோது, அந்தக் கனத்தையும் தள்ளிக்கொண்டு போயின. இத்தனைக்கும் அவை தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் வளர்ந்த முட்டைக்கோழிகள். பழைய கம்பிக்கூண்டு முறைக்கு 2012 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடைபோட்டபோது, அதற்கான 1999ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு கோழிக்கு 15 சென்டிமீட்டர் கட்டை வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். தரையோடு வளர்க்கும் கொட்டகைகளில் இரண்டு கட்டைகளுக்கு இடையே 30 சென்டிமீட்டர், கட்டைக்கும் சுவருக்கும் இடையே 20 சென்டிமீட்டர் இருக்கவேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. சுவரிடைவெளி அற்ப விஷயமாகத் தெரியும். ஆனால் கோழி சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் எச்சம் கீழே விழாமல் சுவரில் வழியும். அதைச் சுரண்டிப் பார்த்தவருக்கு அந்த 20 சென்டிமீட்டரின் அருமை தெரியும்.

கட்டைக்கு நம் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பது சவுக்கு. சாரம் கட்டும் கடைகளில் துண்டுக் கழியாகவே கிடைக்கும். இரண்டு அங்குலத்துக்குக் குறையாத தடிமன் வேண்டும். விரலளவுக் கம்பில் கோழி ராத்திரி முழுக்கச் சமநிலை தேடிக்கொண்டே இருக்கும். அதன் பாதம் கிளியின் பாதம் போல இறுக்கிப் பிடிப்பதற்கானது இல்லை. பட்டையை உரித்துவிடவேண்டும், ஏன் என்று பின்னால் வருகிறது. பிவிசி குழாய் வழுக்கும். இரும்புக் குழாய் இந்தக் கடற்காற்றில் இரண்டே மழைக்காலத்தில் துருவேறிச் சொரசொரத்துப்போகும். அதில் உரசி வரும் பாதப் புண்ணுக்குள் சீழ் கட்டிக்கொண்டால் ஆற்றுவது பெரும்பாடு. பெருவிடை போன்ற கனத்த இனத்துக்குத் தலைக்கு எட்டு முதல் பத்து அங்குலம் இடம் விடலாம், சிறுவிடைக்கு ஆறேழு போதும். உயரம் தரையிலிருந்து இரண்டடி, மிஞ்சினால் மூன்று. அதற்குமேல் போனால் குதித்து இறங்கும்போது மார்பெலும்பில் அடிபடும் என்பதைப் பண்ணைக்கோழிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஐம்பது கோழி வைத்திருப்பவர் ஏணி மாதிரி அடுக்கலாம். நான்கைந்துக்கு ஒரே மட்டமான ஒற்றைக் கட்டைதான் நல்லது. அடுக்கு வைத்தால் மேல்படிக்குச் சண்டை வரும், தோற்றது கீழே உட்கார்ந்து ராத்திரியெல்லாம் ஜெயித்ததன் எச்சத்தை வாங்கிக்கொள்ளும். கோழிகளுக்குள் இப்படி மேல் கீழ் வரிசை உண்டு என்பதை 1920களின் தொடக்கத்தில் எழுதிவைத்த நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டருப்-எப்பே, சிறு பையனாக இருந்தபோதே தன் வீட்டுக் கோழிகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கத் தொடங்கியவர்.

இன்னொரு விதி, இதை மீறினால் மற்றதெல்லாம் வீண்: முட்டைப்பெட்டி எப்போதும் கட்டையைவிடத் தாழ்வாக இருக்கவேண்டும். கூண்டில் உயரமான இடம் எதுவோ அங்கேதான் கோழி படுக்கும். பெட்டி உயரத்தில் இருந்தால் அதில் படுத்து, அதிலேயே கழிந்து, காலையில் அதன்மேலேயே முட்டையும் இடும். அழுக்கு முட்டை என்று அலுத்துக்கொள்கிறவர்களில் பாதிப்பேரின் பிரச்சினை இந்த அரையடி உயரத்தில்தான் இருக்கிறது.

துறைமுகத்தை ஒட்டிய ஊர் என்பதால் கூண்டு அடிக்க இங்கே வேறொரு மரமும் மலிவு. கன்டெய்னரில் சரக்கோடு வந்து, இறக்கியபின் எடைக்கு விலைபோகும் பேலட் கட்டை. நல்ல மரம்தான், ஆனால் வாங்குமுன் அதன் பக்கவாட்டில் சூடுபோட்ட முத்திரையைப் பார்க்கவேண்டும். நாடுகளுக்கிடையே போகும் மரப்பெட்டிகளில் பூச்சி பரவாமலிருக்க ஏற்பட்ட சர்வதேச விதிப்படி அந்த முத்திரை இடப்படுகிறது. நாட்டுக் குறியீட்டுக்கும் எண்ணுக்கும் பக்கத்தில் ‘எச்டி’ என்ற எழுத்துகள் இருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது. ‘எம்பி’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகைபோட்டது. முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிடலாம். எண்ணெயோ ரசாயனமோ ஊறிக் கறுத்த பலகையை முத்திரை பார்க்காமலே தள்ளிவிடலாம். பழைய வீடு இடித்த கதவு, ஜன்னல் சட்டங்களும் அப்படித்தான். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குக் கறாரான வரம்பு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017இல்தான். அதற்கு முந்தின பச்சைப் பெயின்ட் உரிந்து விழ, கோழி அதைக் கொத்தும்.

கட்டைக்குக் கீழே என்ன? எச்சத்தைத் தாங்க ஒரு தட்டு. பலகையும் போடலாம், தகரமும் போடலாம். தமிழ்நாட்டில் அதைவிடச் சுலபமாகக் கிடைப்பது பழைய ஃப்ளெக்ஸ் பேனர். காதுகுத்தோ கட்சி மாநாடோ, விழா முடிந்த மறுநாள் அது யாருக்கும் வேண்டாத சொத்து. கட்டையின் இருபுறமும் ஒரு முழம் நீளும்படி அதை விரித்து ஓரங்களைச் சற்றே தூக்கிக் கட்டிவிட்டால் போதும். காலையில் கோழிகள் இறங்கியதும் பார்த்தால் கட்டைக்கு நேர் கீழே ஒரு கோடு மாதிரி வரிசையாகக் கிடக்கும். பச்சையும் பழுப்புமாக, நுனியில் வெள்ளைத் தொப்பி வைத்த உருண்டைகள். நடுவே ஒன்றிரண்டு இளகிய காபித்தூள் நிறம். அந்த இளகல் பேதி கிடையாது, குடல்வால் பையிலிருந்து நாளைக்குச் சில தடவை வருவது. வெள்ளைத் தொப்பிதான் கோழியின் மூத்திரம், யூரிக் அமிலமாகக் கெட்டிப்பட்டது. பெயின்டர் பட்டி தேய்க்கும் தகடு ஒன்றால் இந்தக் கோட்டைச் சுரண்டி வாளியில் தள்ள இரண்டு நிமிடம் ஆகாது. முழுக்க நீர்த்த வெள்ளை, ரத்தம், கடும் பச்சை என்று ஏதாவது தென்பட்டால் அதையும் அங்கேயே பார்த்துவிடலாம். எந்த இடத்தில் கிடக்கிறது என்பதை வைத்து எந்தக் கோழிக்கு நோவு என்றுகூடச் சொல்லிவிடலாம், ஏனென்றால் ஒவ்வொன்றும் தினமும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் உட்காரும்.

இந்தத் தட்டில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதுதான் வீடுகளில் ஏற்கவைக்கக் கடினமான விஷயம். வாசல் தெளிப்பதிலிருந்து எல்லாவற்றையும் தண்ணீரால் சுத்தம் செய்து பழகிய கை நம்முடையது. கோழி எச்சம் காய்ந்திருக்கும்வரை அதிகம் நாறாது. ஈரம் பட்டதும் பாக்டீரியாக்கள் அந்த யூரிக் அமிலத்தை உடைத்து அமோனியாவாக்கும். கண் எரிவது அதனால்தான், “அக்கா, உங்க கோழி நாத்தம் தாங்கல” என்று மாடிவீட்டுக் குரல் வருவதும் அதனால்தான். கொட்டகைக் காற்றில் அமோனியா 25 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது என்பது கோழிப்பண்ணைகளில் புழங்கும் அளவு. அதைத் தாண்டினால் கோழிக்குக் கண் கலங்கும், மூச்சுக்குழாயின் மென்தோல் கெட்டு மற்ற நோய்களுக்கு வழிவிடும். அமோனியா என்ற பெயரை இந்தப் பக்கத்து மக்களுக்கு அறிமுகப்படுத்தவேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்துக்கு அருகே, உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, ஜனங்கள் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைவிட்டு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். கூண்டில் வருவது அதில் ஒரு துளிக்கும் துளி. ஆனால் கோழி தப்பி ஓட முடியாது, அதன் மூக்கும் நம் மூக்கைவிட எச்சத்துக்கு மிகக் கிட்டத்தில் இருக்கிறது.

நாற்றம் வந்ததும் நம்மவர்கள் கையிலெடுப்பது சுண்ணாம்பையும் பிளீச்சிங் பவுடரையும். இரண்டுமே இங்கே தப்பான மருந்து. ஈர எச்சத்தின்மேல் சுண்ணாம்பைத் தூவினால் காரத்தன்மை கூடி, உள்ளே அடங்கிக் கிடந்த அமோனியாவும் கிளம்பி வரும். பிளீச்சிங் பவுடரோ அமோனியாவோடு சேர்ந்து குளோரமைன் என்ற எரிச்சல் வாயுவைத் தரும். மூடிய சந்தில் அதை முகர்ந்துகொண்டு கூட்டுவது நுரையீரலோடு விளையாடுவது. எச்சத்தையெல்லாம் சுரண்டி அகற்றி, தரை காய்ந்தபின் சுவருக்கும் தரைக்கும் சுண்ணாம்பு அடிப்பது வேறு, அது பிரமாதமான பழக்கம். அகற்றாமல் தூவுவதுதான் வினை. அமோனியாவை அடக்க ஏதாவது போட்டே ஆகவேண்டும் என்றால் உரக்கடையில் கிடைக்கும் சூப்பர் பாஸ்பேட் கொஞ்சம் உதவும். அதைவிட உதவுவது உலர்ந்த மரத்தூள்.

தரைக்கு என்ன போடுவது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. தினம் அள்ளிச் சுத்தமாக வைக்கவேண்டும் என்பது ஒன்று. அள்ளவே கூடாது, மேலே மேலே உலர்ந்த கூளம் போட்டுக் கிளறிவிட்டு மாதக்கணக்கில் ஊறவிட வேண்டும் என்பது மற்றது. ஆழ்கூள முறை என்று நம் வேளாண் பாடங்களில் வருவது இதுதான். அமெரிக்காவின் ஒஹையோ வேளாண் சோதனை நிலையத்தில் கென்னார்ட், சேம்பர்லின் என்ற இருவர் 1940களில் இதைச் சோதித்து, பழகிய கூளத்தில் வளர்ந்த குஞ்சுகள் புதுக் கூளத்தில் வளர்ந்தவற்றைவிடக் குறைவாகவே சாகின்றன என்று காட்டினார்கள். கூளத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் பி12 வைட்டமினைக்கூடத் தயாரித்துத் தந்தன. ஊர்ப்புறத்தில், நெல் உமியும் கடலைத்தோலும் மலிவாகக் கிடைத்து நாலு பக்கமும் காற்று போகும் கொட்டகையில், இன்றும் அதற்கு நிகரில்லை. டோல்கேட்டில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கூளத்தின் ஈரம் 20 முதல் 25 சதவீதத்துக்குள் நிற்கவேண்டும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், காலைக் காற்றே பிழிந்தால் சொட்டும் அளவில், அக்டோபர் பிறந்தால் அது நடக்காது. சோதனை சுலபம். ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிடித்துத் திறந்தால், பொலபொலவென்று உதிரவேண்டும். கொழுக்கட்டையாக நின்றால் மாற்றியாக வேண்டும். ஆகவே இங்கே கட்டைக்குக் கீழே தினம் சுரண்டுவது, மற்றத் தரைக்கு இரண்டு அங்குலம் மரத்தூள் போட்டு மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுவது என்ற கலப்புதான் சரிவரும். மரத்தூள் வாங்கும்போது பிளைவுட், எம்டிஎஃப் அறுத்த தூள் வேண்டாம். அதில் பசை ரசாயனம் இருக்கும்.

இனி பட்டையை ஏன் உரிக்கச் சொன்னேன் என்பதற்கு வருவோம். பகலில் எவ்வளவு தேடினாலும் கண்ணில் படாத எதிரி கட்டையின் இடுக்கில் குடியிருக்கிறது. கோழி உண்ணி என்று நாம் சொல்வதும், அதைவிடச் சிறிய சிவப்புச் செள்ளும், பகலெல்லாம் மர வெடிப்பில், ஆணி ஓட்டையில், கட்டை சுவரில் செருகும் முனையில் ஒளிந்திருந்து, விளக்கணைந்த பின் ஏறிவந்து ரத்தம் குடித்துவிட்டு விடியுமுன் திரும்பிவிடும். கோழியைப் பிடித்து இறகை விலக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டுவது இதனால்தான். செள்ளு இரை இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும். உண்ணி வருடத்துக்கு மேலேயே தாங்கும். ரத்தம் குடிப்பதோடு நில்லாமல் காய்ச்சல் நோயையும் கோழிக்குக் கோழி கடத்தும். கோழியை எல்லாம் விற்றுவிட்டு ஆறு மாதம் காலியாகப் போட்ட கூண்டில் புதுக்கோழி விட்டதும் மறுபடி தொல்லை வருகிறதே என்று வியப்பதற்கு ஒன்றுமில்லை. கண்டுபிடிக்க ராத்திரி பத்து மணிக்கு மேல் செல்போன் டார்ச்சோடு போகவேண்டும். வெள்ளைத் துணியால் கட்டையின் அடிப்பக்கத்தை அழுத்தித் துடைத்தால் போதும். துணியில் சிவப்புக் கீற்று விழுந்தால் இருக்கிறது என்று அர்த்தம்.

அதனால் கட்டையைச் சுவரில் புதைத்துப் பூசிவிடுவது பெரிய தப்பு. இரண்டு பக்கமும் கொக்கியிலோ பிளந்த ரீப்பரிலோ சும்மா வைத்திருந்தால், மாதம் ஒருமுறை கழற்றி வெயிலில் போடலாம், கொதிநீர் ஊற்றலாம், முனைகளை நெருப்பில் வாட்டலாம், வெடிப்பில் சுண்ணாம்பைக் குழைத்து அடைக்கலாம். அந்தக் காலத்தில் முனைகளில் மண்ணெண்ணெய் தடவினார்கள். ரேஷன் மண்ணெண்ணெயே அரிதாகிவிட்ட காலத்தில் வேப்பெண்ணெய் பரவாயில்லை. மருந்தடிப்பதென்றால் கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்து, சொல்லும் அளவு. மாட்டு உண்ணிக்கு வாங்கிய பாட்டிலில் மீதி இருக்கிறதே என்று அடித்தால் முட்டை வழியாக அது நமக்கே திரும்பும்.

இந்த விஷயத்தில் வடசென்னைக்குச் சொந்தமாகவே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, புறாக்காரர்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை மாடிகளில் பந்தயப் புறா வளர்ப்பவர்களின் கூண்டை ஏறிப் பார்த்தால் தெரியும். ஒவ்வொரு புறாவுக்கும் தனி அமர்விடம், கீழே தட்டு, தண்ணீர் படாமல் சுரண்டல், மேலே ஓடு அல்லது தென்னங்கீற்று, காற்று புகுந்து போக எதிரெதிரே கம்பி. ஓட்டத்தில் பின்தங்கும் புறாவுக்கு மூச்சில் கோளாறு என்றால் கூண்டில்தான் கோளாறு என்று அவர்களுக்குத் தெரியும். கோழி வளர்ப்பவர் அந்த அளவுக்குக் கவலைப்படுவதில்லை, கோழி எங்கும் பறந்து ஜெயிக்கவேண்டியதில்லையே! ஆனால் கூண்டு போடும் வேலைக்கு இந்தப் பக்கத்தில் புறாக்காரரைவிட நல்ல ஆலோசகர் கிடைக்கமாட்டார்.

கூண்டைத் தரையிலிருந்து தூக்கவேண்டும் என்பதற்கு இங்கே மூன்று காரணம். பெருச்சாளி முதலாவது. மீன்வலையும் அறுகோணக் கோழிவலையும் அதற்குத் தடையே ஆகாது. அரை அங்குல வெல்ட்மெஷ், அதுவும் தரைப்பக்கத்திலும் போட்டது, ஓரளவு தாங்கும். வெள்ளம் இரண்டாவது. 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த தெருவுக்கு இதை விளக்கவேண்டாம். நீர் வடிந்தபின் ஈரக்கூளத்தில் ரத்தக்கழிச்சல் கிருமி பெருகுவதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

மூன்றாவதுதான் பெரிது, வளர்ப்புக் கையேடுகள் பேசாமல் விடுவதும் அதைத்தான். சுத்தமான கூண்டு என்கிறபோது எச்சத்தையே அழுக்காக எண்ணுகிறோம். தொழிற்பேட்டை ஊரில் கோழி கிளறும் மண்ணே அழுக்கு. 2022இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, சிட்னி நகரத்து வீட்டுக் கோழிகளின் முட்டையில் கடை முட்டையைப்போல் சராசரியாக 40 மடங்கு ஈயம் இருப்பதைக் கண்டது. காரணம் கொல்லை மண். பழைய பெட்ரோல் புகையும் பழைய பெயின்ட்டும் பல தலைமுறையாக அதில் படிந்தவை. முட்டை பயமில்லாமல் இருக்க மண்ணில் ஒரு கிலோவுக்கு 117 மில்லிகிராமுக்கும் கீழே ஈயம் இருக்கவேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றதே 2000ஆம் ஆண்டில். அதுவரை திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஓடிய வண்டிகளின் ஈயம் ஆவியாகிப் போய்விடாது, மண்ணில்தான் இருக்கும். கேரளத்தின் ஏலூர் தொழிற்பகுதியில் மேய்ந்த கோழிகளின் முட்டையைச் சர்வதேசச் சுற்றுச்சூழல் அமைப்புகள் 2005இல் டயாக்சினுக்காகச் சோதிக்க எடுத்ததும் இதே தர்க்கத்தில்தான். மண்ணிலுள்ளதைத் திரட்டி முட்டையில் கொண்டுவந்து தரும் பிராணி கோழி.

இதையொட்டி ஒரு பழைய வழக்கத்தைத் திருத்திக்கொள்ளவேண்டும். கோழிக்குப் புழுதிக் குளியல் அவசியம், பேன் அதில்தான் உதிரும். அடுப்புச் சாம்பலை ஒரு மூலையில் கொட்டிவைப்பது பாட்டிமார் வழக்கம். கேஸ் அடுப்பு வந்தபின் அந்தச் சாம்பல் இல்லை. அதற்குப் பதிலாக, எண்ணூர் அனல்மின் நிலையங்கள் கொசஸ்தலை ஆற்றோரம் கொட்டிவைத்த, செங்கல் சூளைக்கும் போகிற அந்த மெல்லிய நிலக்கரிச் சாம்பலைக் கொண்டுவந்து போடலாமே என்று தோன்றக்கூடும். கூடவே கூடாது. ஆர்சனிக், ஈயம், பாதரசம் எல்லாம் சிறிதளவு கலந்த சாம்பல் அது. கோழி அதில் புரளும், இறகு கோதும்போது விழுங்கும். ஒரு பழைய பேசினில் சுத்தமான ஆற்று மணலும், விறகு எரிக்கும் டீக்கடையிலோ இஸ்திரி வண்டியிலோ கேட்டு வாங்கிய சாம்பலும் கலந்து வைத்தால் போதும். தீவனத்தையும் மண்ணில் இறைக்காமல் பாத்திரத்திலேயே வைப்பது நல்லது. மொட்டை மாடிக் கோழி மண் பார்க்காத கோழி என்று சிலர் இரங்குவார்கள். இந்த ஊரில் அது அதற்குக் கிடைத்த பாதுகாப்பு என்றுதான் நான் சொல்வேன்.

மாடிக்கு வேறு சங்கடம், வெயில். கோழியின் உடல் சூடே 41 டிகிரிக்கு மேல், வியர்வைச் சுரப்பியும் கிடையாது, வாயைத் திறந்து இளைப்பதைத் தவிர அதற்கு வழியில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில் கத்திரி வெயில் நாளின் பிற்பகல் கொல்லும். ஷீட்டின் மேல் கீற்றுப் பரப்பி, மதியத்தில் அதன்மேல் தண்ணீர் தெளிக்கலாம், கூண்டுக்குள் ஒரு சொட்டும் இறங்காமல். நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் நேர் வெயில் குறையும். மதியத்துக்கு மேல் எழும் கடற்காற்று உள்ளே வரக் கிழக்கில் திறப்பு வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் அதே திசையிலிருந்து சாரல் அடிக்கும் என்பதால் அங்கே சுருட்டி இறக்கும் தார்ப்பாயும் வேண்டும். உட்காரும் கட்டையைக் காற்று நேராக அடிக்கும் இடத்தில் போடாமல் மேற்குச் சுவரோரமாகப் போடுவது இரண்டு பருவத்துக்கும் ஒத்துவரும். தெருவிளக்கு வெளிச்சம் கட்டையில் விழுகிறதா என்றும் பார்க்கவேண்டும். எல்இடி விளக்கு வந்தபின் பல வீடுகளில் கோழி நேரத்துக்கு அடையாமல் நின்றுகொண்டிருப்பதற்கு அதுதான் காரணம்.

நோய்ப் பக்கத்தில் எத்தனை சுத்தமும் தடுக்காத ஒன்று உண்டு, வெள்ளைக்கழிச்சல். 1920களின் பிற்பாதியில் உத்தராகண்டின் ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் ராணிக்கெட் நோய் என்ற பெயர் நின்றுவிட்டது. அதற்கு ஊசிதான் வழி. கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் இலவசமாகப் போடுகிறது. கிராமங்களை நினைத்து நடத்தப்படும் முகாம் என்பதால் மாநகராட்சி வார்டுகளில் சேதி வந்து சேர்வதில்லை. கேட்டுப் போகவேண்டும். மாதவரம் பால்பண்ணையில் 1989இல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் கோழியின ஆராய்ச்சி நிலையமும் டோல்கேட்டிலிருந்து அதிக தூரமில்லை. நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கும் ஒரு கோழி ஆராய்ச்சி இடத்தை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு, மஞ்சள் கரைத்த தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளும் வீடுகள் இங்கே நிறைய.

மிஞ்சுவது வாளியில் சேர்ந்த எச்சம். மாநகராட்சி வண்டியில் போட்டால் அது கொடுங்கையூர் குப்பைமேட்டில் போய்ச் சேரும், பாதாளச் சாக்கடையில் கரைத்துவிட்டால் அடைக்கும். கோழி எருவில் தழைச்சத்து ஏறக்குறைய 3 சதவீதம். தொழுவுரத்தைவிடப் பல மடங்கு. ‘சூடு’ என்று தோட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான், பச்சையாகப் போட்டால் செடி கருகும். மூடியுள்ள டிரம்மில் ஒரு பங்கு எச்சத்துக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை, மரத்தூள் என்று அடுக்கிக் கிளறிவந்தால் ஒன்றரை இரண்டு மாதத்தில் மண்வாசனை வந்துவிடும். மாடிக்கீரைக்கு அது போதும். தெரு மண்ணில் மேயும் கோழியின் எருவென்றால் கீரைக்கு வேண்டாம், பூச்செடிக்குப் போடலாம். மழைக்காலத்தில் டிரம்முக்கு அடியில் செங்கல் வைத்துத் தூக்கி, ஓட்டை வழியாக வடியும் கறுப்பு நீரைத் தனியே பிடித்துவிடவேண்டும். அது மாடித்தளத்தில் ஓடி இறங்கினால், கூண்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், புகார் கீழ்வீட்டிலிருந்து வரும்.